துடிப்பு தப்பும் முன்னே இரத்தம் சொல்லும் சேதி

(கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த இடத்தில் நின்று நாங்கள் பேசுவது சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றித்தான். இன்று அதை ஓரமாக வைத்துவிட்டு, நம் நெஞ்சுக்குள் ஓடும் ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்குக் காரணம் ஒரு கையெழுத்து.

கோணிப்போன கையெழுத்து

நம் குழு ஒன்றில் 46 வயதுச் சகோதரி ஒருவர். அறிவொளியில் எழுதப் படித்தவர். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். ஒரு மாதம் தீர்மான நோட்டைப் புரட்டிய ஊக்குநருக்கு ஒரு சந்தேகம். "என்னக்கா, இந்த நாலு மாசமா உங்க கையெழுத்து கோணக்கோண இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "கை நடுங்குது தாயி. நெஞ்சு படபடன்னு அடிக்குது. கடன் கவலைதான், வேறென்ன?" என்றார்.

வீட்டில் கேட்டதற்கு, "மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்களாம். பக்கத்து வீட்டில், "எதையோ பாத்து பயந்திருக்கா, மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்றார்களாம். கயிறும் கட்டியாயிற்று. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வயிறாரச் சாப்பிட்டும் இளைத்தது. ஊக்குநர் விடவில்லை. கையோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கே நாடி பிடித்துப் பார்த்து, இ.சி.ஜி. எடுத்து, இரத்தமும் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதனால் இதயத் துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது என்று தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள். சில மாதங்களில் துடிப்பு சீரானது. கையெழுத்தும் நேரானது.

அந்த ஊக்குநர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. நோட்டைக் கவனித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

இதயத்தின் தாளம் எப்படித் தப்புகிறது?

நடவு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பாட்டு எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பாட்டோடு சேர்ந்து கை இறங்கும், கால் பின்னே போகும், வரிசை சீராக வரும்.

நம் இதயத்திலும் அப்படி ஒரு பாட்டுக்காரி உண்டு. இதயத்துக்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது மேலறையில் இருக்கும் ஒரு சின்ன இடத்திலிருந்துதான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டல் கிளம்புகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1 லட்சம் துடிப்பு!

வயலில் ஒவ்வொருத்தியும் தன் இஷ்டத்துக்குத் தனித்தனிப் பாட்டு எடுத்தால் என்ன ஆகும்? யார் கையும் யாரோடும் சேராது. மேலறைகளில் அப்படிப் பல இடங்களிலிருந்து தாறுமாறாகத் தூண்டல் கிளம்பினால், அறை சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். இதை டாக்டர்கள் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள். நாம் 'மேலறை நடுக்கம்' என்று வைத்துக்கொள்வோம். தாளம் தப்பும் நோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

நடுங்கினால் நடுங்கட்டுமே என்று விட முடியாது. ஓடாத வாய்க்காலில் பாசி பிடிக்கிறது அல்லவா? அதுபோல் நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. இதய வால்வு சுருங்கியவர்களுக்கு அதைவிடவும் அதிகம். சிலருக்குப் படபடப்பே தெரியாது. கை கால் இழுத்த பிறகுதான் தெரியவரும்.

இரத்தம் என்ன சொல்லும்?

இதயம் தாளம் தப்பியிருக்கிறதா என்று உறுதி செய்வது இ.சி.ஜி. ஆனால் தப்பக்கூடிய ஆபத்து இருக்கிறதா, எதனால் தப்புகிறது என்பதற்கு இரத்தத்தில் சில தடயங்கள் உண்டு. அவற்றில் பல நாம் சரிசெய்யக் கூடியவை. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

முதலாவது தைராய்டு. இதற்கு டி.எஸ்.எச். என்று ஒரு பரிசோதனை. இந்த ரிசல்ட்டைப் படிப்பதில் எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு அணையப் போனால் ஊதுகுழலை எடுத்து ஊது ஊதென்று ஊதுவோம். நன்றாக எரிந்தால் ஊதுகுழலைக் கீழே வைத்துவிடுவோம். தைராய்டு அடுப்பு என்றால், மூளையடியில் இருக்கும் சுரப்பி ஊதுகிற ஊதுகுழல்தான் டி.எஸ்.எச். தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். கூடும். தைராய்டு அதிகமாக எரிந்தால் டி.எஸ்.எச். குறையும். ஆக, எண் குறைவாக இருப்பதால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான ஆய்வகங்களில் 0.4 முதல் 4 வரை இயல்பு என்பார்கள்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். அந்த ஊர் மக்களின் இதயத்தை 1948-ஆம் ஆண்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அங்கே 60 வயதுக்கு மேற்பட்ட 2,007 பேரை 10 ஆண்டு கவனித்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். இயல்பாக இருந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேலறை நடுக்கம் வந்தது. டி.எஸ்.எச். மிகவும் குறைந்திருந்தவர்களில் 100-க்கு 28 பேருக்கு வந்தது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம்மில் பல பேர் தைராய்டு மந்தம் என்று தினமும் மாத்திரை சாப்பிடுகிறோம். 3 வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறோம். அளவு கூடிப்போனால் அந்த மாத்திரையே டி.எஸ்.எச்.-ஐக் கீழே இறக்கி, படபடப்பைக் கொண்டுவரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லும் இடைவெளியில் இரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உடம்பு இளைக்க என்று யாராவது தைராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

இரண்டாவது உப்புச் சத்துகள். சமையல் உப்பைச் சொல்லவில்லை. பொட்டாசியம், மக்னீசியம் என்ற தாதுக்கள். இதயத்தில் மின்தூண்டல் ஓடுவதே இவற்றின் உதவியால்தான். இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். வாந்தி பேதியில் இது குறையும். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் 'நீர் பிரியற' மாத்திரைகள் சிலவற்றாலும் குறையும். குறைந்தாலும் தாளம் தப்பும், கூடினாலும் தப்பும். "அப்ப தினமும் ரெண்டு எளநி குடிச்சிருவோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தங்கி, இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். அதனால்தான் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது இரத்தசோகை. 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. இரத்தம் மெலிந்தால் அதே அளவு பிராணவாயுவைக் கொண்டுபோக இதயம் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. நம் பெண்களின் படபடப்புக்கு இது ஒரு பெரிய காரணம். இது வேகம் கூடுவதுதான், தாளம் தப்புவது வேறு. ஆனால் ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கு இதுவும் கூடுதல் பாரம்.

நான்காவது சர்க்கரை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வருஷக்கணக்கில் கட்டுப்படாமல் இருந்தால் இதயத்தின் சதை கெட்டிப்பட்டு மேலறை விரியும். தாளம் தப்ப அதுவே வழி செய்யும். 3 மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.5-உம் அதற்கு மேலும் வந்தால் சர்க்கரை நோய் என்று பொருள்.

ஐந்தாவதாக ஒன்றையும் தெரிந்துகொள்வோம். இதய அறைகள் பாரம் தாங்காமல் விரியும்போது இதயமே ஒரு பொருளைச் சுரந்து இரத்தத்தில் விடுகிறது. அதன் பெயர் பி.என்.பி. அதே ஃபிரேமிங்ஹாமில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 10 வகை இரத்தத் தடயங்களைப் பார்த்து, யாருக்குப் பிற்பாடு மேலறை நடுக்கம் வந்தது என்று கவனித்தார்கள். 2010-இல் வந்த முடிவில், முன்கூட்டியே சேதி சொன்னதில் முதலிடம் பி.என்.பி.க்குத்தான். உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் தொடர்பு காட்டியது. ஆனால் 2014-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வயது, எடை, இரத்த அழுத்தம் எல்லாம் தெரிந்த பிறகு சி.ஆர்.பி. கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை, பி.என்.பி. சொன்னது என்று கண்டார்கள். பி.என்.பி. எல்லோரும் எடுக்க வேண்டிய பரிசோதனை இல்லை. மூச்சு வாங்குவது, கால் வீங்குவது போன்ற தொந்தரவு இருந்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

இப்போது சொல்லப் போவது எங்களுக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம்.

இன்னொரு குழுவில் 38 வயதுச் சகோதரி. சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, பிறகு முட்டி முட்டியாக வீங்கியதாம். அப்படி வரும் 'ருமாட்டிக்' காய்ச்சல் மூட்டை விட்டுப் போனாலும் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். இவருக்கும் வால்வு சுருங்கி, மேலறை நடுக்கமும் வந்துவிட்டது. இரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். பெரும்பாலானோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் இரத்தம் கசியும்.

பரிசோதனைக்கு டவுனுக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு வேறு. மூன்று மாதம் போகவில்லை. அதே மூன்று மாதம் குழுக் கூட்டத்துக்கும் சரியாக வரவில்லை, தவணையும் நின்றது. நாங்கள் வீட்டுக்குப் போனோம். "தவணை ஏன் வரல?" என்று கேட்டோம். "உடம்பு எப்படியிருக்கு?" என்று கேட்கவில்லை. அதற்குப் பத்து நாள் கழித்து, வாசல் தெளித்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது.

இப்போது நடக்கிறார். கொஞ்சம் பேசுகிறார். ஆனால் வலது கையால் இன்னும் நாற்றுப் பிடிக்க முடியவில்லை. தீர்மான நோட்டில் கைநாட்டுதான் வைக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அன்று கேட்காமல் விட்ட கேள்வி எங்களைக் குத்துகிறது.

இது ஒருவர் கதை மட்டும் இல்லை. ருமாட்டிக் வால்வு நோயோடு தாளம் தப்பியவர்களை ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று 24 நாடுகளில் 4,500 பேருக்கும் மேலாகச் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2022-இல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 50 சொச்சம்தான். நான்கு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் பெண்கள். ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரை ஒன்றைவிட, ஐ.என்.ஆர். பார்த்துச் சாப்பிடும் பழைய மாத்திரைதான் அதிக உயிர்களைக் காத்தது என்று கண்டார்கள். ஆகவே வால்வு சுருங்கியவர்களுக்கு அந்த இரத்தப் பரிசோதனை உயிர்க் கயிறு.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று அதிகமாகவும் சாப்பிடக் கூடாது, அடியோடு நிறுத்தவும் கூடாது. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. நாட்டு மருந்து எடுத்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைத்தாலும், நாள் தள்ளிப்போனாலும் உடனே சொல்ல வேண்டும். இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். பிள்ளைகளுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, பிறகு மூட்டு மாறி மாறி வீங்கினால் 'வளர்ற வலி' என்று விட்டுவிடாதீர்கள்.

கட்டுக் காகிதம் போதாது

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் ஒரு முகாம் போட்டார்கள். 'முழு உடல் பரிசோதனை' என்று ஏழெட்டுப் பக்கம் ரிசல்ட் கொடுத்தார்கள். நம் உறுப்பினர்கள் சிலர் உள்கடன் எடுத்துப் பணம் கட்டினார்கள். யாருக்கும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. ரிசல்ட்டை விளக்கவும் ஆள் இல்லை. காகிதம் பீரோவில் தூங்குகிறது.

எண் கொஞ்சம் கூடியிருந்தால் இதய நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. எல்லாம் இயல்பாக இருந்தால் தாளம் தப்பாது என்ற உத்தரவாதமும் இல்லை. இரத்தம் சேதிதான் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. நாடி, இரத்த அழுத்தம், இ.சி.ஜி., இரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். படபடப்பு வந்து வந்து போகிறவர்களுக்கு இ.சி.ஜி. எடுக்கும் நேரத்தில் சரியாக இருக்கலாம். அப்போது 24 மணி நேரம் உடம்பில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவி வைப்பார்கள். 'இ.சி.ஜி. நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடாமல், "எனக்கு விட்டு விட்டு வருது" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

நம்மால் செய்யக் கூடியது

செலவில்லாத பரிசோதனை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. இப்போதே செய்து பார்ப்போம். இடது உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். கட்டைவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டில், வலது கையின் நடு மூன்று விரலை லேசாக வையுங்கள். துடிப்பு கிடைத்ததா? ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து 1 நிமிடம் சொல்லட்டும். நடந்து வந்தவுடன் பார்க்கக் கூடாது. 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அடி ஒரே சீராக விழுகிறதா என்று கவனியுங்கள். விட்டு விட்டு, தாறுமாறாக விழுந்தால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே 100-ஐத் தாண்டினால், பயப்பட வேண்டாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படபடப்போடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது. வாய் ஒருபக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கஷாயம் வைக்க அது நேரம் இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வந்த தன்னார்வலர்கள் யார்? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். ஆகவே இது நம்மால் ஆகாத வேலை இல்லை. நாங்கள் மூன்று யோசனைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, 3 மாதத்துக்கு ஒரு கூட்டத்தில் முதல் 10 நிமிடம் எல்லோரும் நாடி பார்த்துக்கொள்வது.

இரண்டு, தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிற உறுப்பினர்களின் அடுத்த பரிசோதனைத் தேதியை, அவர்கள் சம்மதித்தால், குழுவில் ஒருவர் குறித்து வைத்து நினைவூட்டுவது. துணைக்கு ஒருவர் போவது. பஸ் செலவுக்குச் சிறு உள்கடனை முதலில் கொடுப்பது.

மூன்று எங்களுக்கானது. இனி எங்கள் பணியாளர்கள் யார் வீட்டுப் படியேறினாலும் முதல் கேள்வி "உடம்பு எப்படி இருக்கு?" என்பதுதான். தவணை இரண்டாவது கேள்வி. நாங்கள் மறந்தால் எங்களை நிறுத்தி நினைவுபடுத்த உங்களுக்கு உரிமை உண்டு.

இன்று ஊருக்குப் போனதும் உங்கள் குழுவின் தீர்மான நோட்டைக் கொஞ்சம் பின்னால் புரட்டிப் பாருங்கள். யார் கையெழுத்து மாறியிருக்கிறது, யார் பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.